மூஸ் முடியும் கமுகம்பாளையும்

மொன்றியலில் இறங்கியபோது என் மடியில் ஆறு தட்டுகள் இருந்தன. பாக்கு மரத்தின் பாளையான கமுகம்பாளையை வெட்டி, அழுத்தி, பட்டு நூலால் பூவேலை செய்த தட்டுகள். பெட்டியில் வைத்தால் நசுங்கிவிடும் என்று விமானம் முழுக்க மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்து இருக்கைப் பெண்மணி அதைச் சாப்பாட்டுப் பொட்டலம் என்று நினைத்து, ஏன் பிரிக்காமல் வைத்திருக்கிறீர்கள் என்று இரண்டு முறை கேட்டார்.

ஆறு தட்டுகளிலும் ஒரே படம்தான். ஆற்றில் ஒரு சின்னப் படகு. கரையில் மரத்தடியில் உட்கார்ந்து நீண்ட குழாயில் புகைபிடிக்கும் ஒருவர். சுற்றிலும் சிவப்புப் பழங்கள். அவர் யார் என்று அதைத் தைத்த எங்களில் ஒருவருக்கும் தெரியாது. தபாலில் வந்த போட்டோவைப் பார்த்துத் தைத்தோம்.

குளச்சலுக்கும் முட்டத்துக்கும் நடுவில் ஒரு கடற்கரை ஊரில் நாற்பது பெண்கள் நடத்தும் தையல் சங்கத்துக்கு நான் பொறுப்பாளர். கடல் ஊருக்குள் வந்த டிசம்பருக்குப் பிறகு ஆரம்பித்த சங்கம். எங்கள் பக்கத்தில் ஊசிவேலை புதிதில்லை. வெள்ளைக்காரத் துரைசானிகள் கொண்டுவந்து சொல்லிக்கொடுத்த லேஸ் நாகர்கோவிலைச் சுற்றி இன்னும் ஓடுகிறது. நிவாரண வேலைக்கு வந்த ஒரு கனடாக்காரப் பெண் எங்கள் கைப்பை ஒன்றை வாங்கிப்போய் மொன்றியலில் ஒரு நினைவுப்பொருள் கடைக்காரரிடம் காட்டியிருக்கிறாள். அவர் பெயர் லுக். அந்த போட்டோவை அனுப்பியவர் அவர்தான். இதேபோலச் செய்ய முடியுமா, முடியுமென்றால் நேரில் வந்து பேசுங்கள் என்று எழுதியிருந்தார். முதலில் அனுப்பிய மாதிரிக்கு அவர் ஒரே வரியில் பதில் போட்டிருந்தார்: தையல் நன்றாக இருக்கிறது, ஆனால் உயிரில்லை.

அந்த ஒரு வரி என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. அசல் வேலை எங்கே இருக்கிறதோ, அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அவர் கடைப்படி ஏறுவது என்று கிளம்பும்போதே முடிவு செய்திருந்தேன்.

தங்கியது நகரின் வில்லரே பகுதியில், ரெஜினா வீட்டில். எங்கள் பங்குச் சாமியார் மூலம் கிடைத்த அறிமுகம். ரெஜினா மட்டக்களப்புக்காரி, குழந்தைகள் காப்பகத்தில் வேலை. அதை அவள் ‘கார்தெரி’ என்றுதான் சொல்வாள். அவள் கணவர் சவரி ஜான்-டலோன் சந்தையில் ஒரு காய்கறிக் கடையில் நிற்கிறார். முதல் நாள் ராத்திரிச் சாப்பாடு பிட்டும் மீன் குழம்பும். எங்கள் ஊர்ப் புட்டை நினைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். குழம்பில் புளியும் பாலும் ஒன்றாகச் சேர்ந்திருந்தன. இரண்டாம் தடவை கேட்டு வாங்கியபோது ரெஜினா முகம் மலர்ந்தது. அவர்களுடைய மகள் மேசைக்கு எதிரில் உட்கார்ந்து பிட்டின்மேல் மேப்பிள் பாகு ஊற்றிச் சாப்பிட்டாள். நானும் ஒரு வாய் பார்த்தேன். சவரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் தனியாகவே கிளம்பினேன். பழைய கைவேலைகளை வைத்திருக்கும் அருங்காட்சியகம் நகர நடுவில் இருக்கிறது, மெட்ரோவில் ஆரஞ்சு நிறக் கோட்டில் ஏறினால் போகலாம் என்று ரெஜினா சொல்லியிருந்தாள். ஆரஞ்சு நிறம் சரியாக இருந்தது. திசையைக் கேட்க மறந்துவிட்டேன். ரயில் ஓரிடத்தில் நின்றது, எல்லோரும் இறங்கினார்கள், நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். ஒரு பணியாளர் வந்து, முடிந்துவிட்டது அம்மா, இதற்கு மேல் தண்டவாளம் இல்லை என்று சைகையில் காட்டினார். ஆன்றி-பூராசா என்ற வடக்குக் கடைசி நிலையம். மறுபடி முழுத் தூரமும் திரும்பி வந்தேன். எங்கள் ஊர்ப் பேருந்தாக இருந்தால் ஏறும்போதே நாலு பேர் எங்கே போகணும் என்று கேட்டிருப்பார்கள். இங்கே யாரும் கேட்பதில்லை. கேட்டால் மட்டும் முழு மனதோடு சொல்கிறார்கள்.

அருங்காட்சியகத்தில் எனக்கு வேண்டியது இரண்டாம் மாடியில் ஒரு மூலையில் இருந்தது. உள்ளங்கை அளவுக்கு ஒரு சுருட்டுப் பெட்டி. பர்ச் மரத்தின் பட்டையில் செய்தது. அதே படகு, அதே மனிதர், அதே பழங்கள். ஆனால் எங்கள் தட்டுக்கும் இதற்கும் எந்த ஒட்டுறவும் இல்லை. ஒவ்வொரு பழமும் எழும்பி நின்றது. இலையில் ஒரே இழை அடியில் தடித்து நுனியில் மெலிந்தது. பட்டு நூலை எப்படித் திருப்பினாலும் அப்படி வராது. என்ன நூல் இது என்று குனிந்து குறிப்பு அட்டையைப் படித்தேன். நூலே இல்லை. மூஸ் என்ற பெரிய மானின் முடி.

மூஸ் என்றால் எவ்வளவு பெரிது என்று காவலரிடம் கேட்டேன். அவர் வார்த்தையைத் தேடாமல் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் விரித்துக் கொம்பாகக் காட்டினார். பிறகு வாசல் நிலையைத் தொட்டு, இவ்வளவு உயரம் என்றார்.

வெண்டாட் என்னும் பூர்வகுடிப் பெண்கள் செய்தவை என்று அட்டையில் இருந்தது. கியூபெக் நகருக்குப் பக்கத்தில் அவர்கள் ஊர். பட்டு நூல் கப்பலில் வந்தால்தான் உண்டு என்ற காலத்தில், அங்கிருந்த கன்னியாஸ்திரீகள் இந்த முடியை வைத்துப் பட்டையில் பூவேலை செய்தார்களாம். பிற்பாடு அந்தத் தொழிலை வெண்டாட் பெண்கள் தங்கள் கைக்குக் கொண்டுவந்து, ஊர் பார்க்க வந்த வெள்ளைக்காரர்களுக்கும் பட்டாளத்து அதிகாரிகளுக்கும் விற்றிருக்கிறார்கள். படித்துவிட்டு அப்படியே நின்றேன். நாகர்கோவில் லேஸின் கதையை யாரோ பனிக்குள் கொண்டுவைத்து எழுதியது போல இருந்தது.

ஊசிவேலை தெரிந்தவர்கள் முன்பக்கத்தை ஒரு நிமிஷம் பார்ப்பார்கள். பிறகு திருப்பிப் பார்க்கக் கை பரபரக்கும். கண்ணாடிக்குள் இருப்பதைத் திருப்ப முடியாதே. ஒரு மணி நேரத்துக்கு மேல் அங்கேயே சுற்றிச்சுற்றி வந்ததால் காவலருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. என் பையிலிருந்த தட்டை எடுத்துக் காட்டி, நானும் தைக்கிறவள்தான், இதன் பின்பக்கம் பார்க்க வேண்டும் என்றேன். அவர் என்னைக் கீழே விற்பனைக் கூடத்துக்கு அழைத்துப்போனார். அங்கிருந்த பெண், சனிக்கிழமை வெண்டாட் பெண் ஒருத்தி இங்கே வந்து எல்லோர் முன்னாலும் தைத்துக் காட்டப்போகிறாள், வாருங்கள் என்று தாளில் எழுதிக்கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை லுக் வரச்சொல்லியிருந்தார். பழைய மொன்றியலில் கல் பாவிய தெருவில் கடை. மேப்பிள் இலை வடிவப் பாட்டில்கள், முயல்தோல் செருப்புகள், இறகு தொங்கும் வளையங்கள், ஆளுயர மரச்சிற்பம். கண்ணியமான மனிதர். காப்பி அவரே போட்டுத் தந்தார். தட்டுகளைக் கையில் வாங்கும்போது இரண்டு கையாலும் வாங்கினார். அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது.

அவர் சொன்னது பெரிய ஒப்பந்தம். நாற்பது பேருக்கும் இரண்டு வருஷம் கை ஓயாமல் வேலை. உயிரில்லை என்றீர்களே என்று கேட்டேன். அசலைப் பார்த்தவர்களுக்குத்தான் அது தெரியும், என் கடைக்கு வருகிறவர்கள் அசலைப் பார்த்ததே இல்லை என்றார். பிறகு, தட்டோடு சேர்த்து வைக்க அச்சடித்திருந்த அட்டையைக் காட்டினார். மேலே ஓர் இறகு. கீழே பெரிய எழுத்தில், இந்தியப் பெண்களின் கைவேலை.

எனக்கு உடனே விளங்கவில்லை. அவர் புன்னகையோடு விளக்கினார். இந்த நாட்டில் பூர்வகுடிகளையும் இந்தியர் என்று சொல்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. “வாங்குகிறவர் எந்த இந்தியரை நினைத்துக்கொள்கிறாரோ, அது அவர் பாடு. பொய் ஒன்றும் இல்லையே மேடம், நீங்கள் இந்தியப் பெண்கள்தானே.”

நான் சிரித்தேன். அதை இங்கே மறைக்க விரும்பவில்லை. கெட்டிக்காரத்தனமாக இருக்கிறதே என்றுதான் அப்போது தோன்றியது. திங்கட்கிழமை வந்து கையெழுத்துப் போடுகிறேன், நாளை அந்த மூஸ் முடி வேலையைப் பார்த்தால் தட்டை இன்னும் நன்றாகச் செய்யலாம் என்றேன். தாராளமாகப் பாருங்கள் என்றவர், ஆறு தட்டுகளையும் மாதிரிக்கு வைத்துக்கொள்ளக் கேட்டார். ஐந்தைக் கொடுத்தேன்.

சனிக்கிழமை ரெஜினாவும் வந்தாள். எனக்கு பிரெஞ்சு தெரியாது, வந்த பெண்ணுக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான். அவள் பெயர் ஜினெட். என் வயதுதான் இருக்கும். குட்டையாக வெட்டிய முடி, மூக்கு நுனியில் கண்ணாடி, சாதாரணக் கம்பளிச் சட்டை. வந்தவர்களில் சிலருக்கு அந்தச் சட்டை ஏமாற்றமாக இருந்தது முகத்திலேயே தெரிந்தது.

பர்ச் பட்டையில் முதலில் மெல்லிய ஊசியால் துளை போட்டாள். முடி ஒரு சாண்கூட இல்லை. சாயம் போட்ட முடிக் கற்றைகள் நிறம் நிறமாகத் தனித்தனியே கட்டியிருந்தன. ஒரு முடியை எடுத்து வாயில் வைத்து ஈரமாக்கி, துளைக்குள் விட்டு, அடுத்த துளையில் எடுத்தாள். முடி தீர்ந்துவிட்டால் அடுத்த முடி. பின்பக்கத்தை எனக்குத் திருப்பிக் காட்டினாள். நுனிகள் எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று செருகியிருந்தன. கடைசியில் இதன்மேல் இன்னொரு பட்டையை வைத்து மூடித் தைத்துவிடுவோம், பின்பக்கம் வெளியாட்களுக்கு இல்லை என்றாள்.

நான் விடாமல் பார்ப்பதைக் கண்டு ஒரு முடியை என் கையில் கொடுத்தாள். மூன்று முடிகளை முறித்தேன். இழுக்காதே, அனுப்பு என்று ரெஜினா மூலம் சொன்னாள். நாலாவது போனது. அரை மணி நேரத்தில் அவள் பட்டையின் ஓரத்தில் ஓர் இலை தைத்து முடித்தேன். தடித்து மெலியும் அந்த இழை என் கையிலிருந்து வந்தபோது எழுந்து நின்றுவிட்டேன்.

அந்த நேரம் தொப்பி போட்ட ஒரு பயணி வந்து எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். உங்களில் யார் நிஜமான இந்தியர் என்று கேட்டார். ஜினெட் தலை நிமிராமல் விரலை என் பக்கம் நீட்டினாள். அவர் என் சேலையைப் பார்த்துக் குழம்பி நகர்ந்தார். ரெஜினா வாயைப் பொத்திக்கொண்டாள். நாங்கள் மூவரும் சிரித்து ஓய்ந்தபோது, முந்தின நாள் அட்டை என் நினைவுக்கு வந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

உன் பையில் என்ன வைத்திருக்கிறாய், வந்ததிலிருந்து தொட்டுத்தொட்டுப் பார்க்கிறாயே என்று ஜினெட் கேட்டாள். ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் தன் வேலையை நம்பி என் கையில் கொடுத்தவள் அவள். ஆறாவது தட்டை எடுத்து அவள் முன்னால் வைத்தேன்.

அவள் படத்தைக் கொஞ்சம்தான் பார்த்தாள். உடனே திருப்பினாள். பின்பக்கம் சுத்தமாக இருக்கிறது என்றாள். பிறகு ரெஜினா பக்கம் திரும்பி ஏதோ கேட்டாள்.

“அவ கேக்கிறா அக்கா, இத ஆர்ர பேரில விக்கப் போறீங்க எண்டு,” என்றாள் ரெஜினா.

அட்டையில் இருப்பதை அப்படியே சொன்னேன். ரெஜினா அதை பிரெஞ்சில் சொல்லத் தயங்கினாள். சொல்லு என்றேன். சொன்னாள்.

ஜினெட் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். பிறகு பேசியதை ரெஜினா துண்டு துண்டாக எனக்குச் சொன்னாள். அந்தக் குழாய்க்காரரை நாங்கள் தைத்தது எங்களுக்காக இல்லை. வாங்க வருகிறவர்களுக்குப் பிடித்தது அவரைத்தான். கன்னியாஸ்திரீகள்தான் சொல்லிக்கொடுத்தார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள், அவர்கள் வருவதற்கு முன்னாலேயே நாங்கள் தோலில் முடிவேலை செய்தோம், இரண்டும் உண்மையாக இருக்கலாம். விற்பதற்காகவே செய்த பொருள்தான் இது, அதில் வெட்கம் இல்லை. ஆனால் எதை விற்பது, எதை வீட்டோடு வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தவர்கள் நாங்கள். இப்போது என்னுடைய ஒரு பெட்டியைக் கடையில் வைத்தால், பக்கத்தில் இருக்கும் மலிவான சாமானைக் காட்டி, அது மட்டும் எப்படி அந்த விலை என்று கேட்கிறார்கள். நான் பதில் சொல்லி அலுத்துவிட்டேன்.

எங்கள் நாற்பது பேரைப் பற்றிச் சொன்னேன். கடலைப் பற்றியும் சொன்னேன். அவள் தலையசைத்துக் கேட்டாள். பிறகு தட்டை என் பக்கம் தள்ளி வைத்தாள்.

ரெஜினா மெதுவாகச் சொன்னாள். “‘வேணாம் எண்டு சொல்ல எனக்கு வாய் வராது. நாப்பது பேர்ர அடுப்பு எனக்கும் விளங்கும். ஆனா ஓம் எண்டு என்னட்டக் கேட்டு வாங்கிக்கொண்டு போகாத’ எண்டு சொல்றா.”

திரும்பும் வழியில் ரெஜினாவும் நானும் சண்டை போட்டுக்கொண்டோம். அவள் கட்சி தெளிவாக இருந்தது. மட்டக்களப்புக் கடற்கரையில் அவள் அண்ணன் வீடு இருந்தது. இருந்தது என்று மட்டும்தான் சொல்வாள். இந்த ஊருக்கு வந்த புதிதில் ஆறு வருஷம் தையல் தொழிற்சாலையில் யார் யாருடைய பெயர்த் துண்டையோ சட்டைக் காலரில் தைத்தவள் அவள். “வீடு போன ஆக்களுக்குத்தான் தெரியும் அக்கா, வேலை எண்டா என்னெண்டு. ஆர்ர படம் எண்டு பாத்துக்கொண்டா இருந்தம் நாங்க? போட்டுட்டுப் போங்க கையெழுத்த. மறுகா யோசிக்கலாம்.”

மெட்ரோவில் நாங்கள் பேசிய தமிழைக் கேட்டு ஒரு யாழ்ப்பாணத்துப் பெரியவர் எழுந்து வந்து, என்ன பிள்ளைகள், ஏதும் பிரச்சினையோ என்று விசாரித்தார். ஒன்றுமில்லை ஐயா, தையல் விஷயம் என்றாள் ரெஜினா.

ஞாயிறு காலை பூசை முடிந்து, தெருமுனைக் கடையில் தொலைபேசி அட்டை வாங்கி ஊருக்குப் பேசினேன். சங்கத்தின் செயலாளர் லில்லி எடுத்தாள். நடந்ததை முழுக்கச் சொன்னேன். பிறகு லில்லி சொன்னாள், அங்கே நிற்பது நீங்கள், முடிவை நீங்களே எடுங்கள். “ஆனா வெறுங்கையோட வந்துராதீங்க அக்கா.”

பெட்டியில் வைத்திருந்த உதிரிக் கமுகம்பாளைகளை எடுத்தேன். தட்டுகள் வழியில் உடைந்தால் ஒட்டுப்போடலாம் என்று கொண்டுவந்தவை. ரெஜினாவின் சாப்பாட்டு மேசையில் விரித்து, டப்பா மூடிக்கு ஆகும்படி மூன்று வட்டங்கள் வெட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஆற்றையும் படகையும் விட்டுவிட்டேன். கட்டுமரம் வரைந்தேன். மணலில் ஓடும் நண்டு, சுற்றிலும் ஊதாப் பூப் பூத்த அடும்பங்கொடி. பட்டு நூலில் என்ன வருமோ அதை மட்டும் செய்தேன். மத்தியானம் சவரி சோளக்கதிர் வேகவைத்து வெண்ணெய் தடவி வைத்தார். விரலில் எண்ணெய் படுமே என்று நான் தொடவில்லை. ரெஜினா முதலில் பேசாமல் பாத்திரம் கழுவினாள். சாயங்காலம் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஊதா நூலைத் தானே ஊசியில் கோத்துக் கொடுத்தாள். அவள் மனம் மாறவில்லை. நண்டுக்குக் கால் குறைகிறது, அதை மட்டும் சரிபண்ணுங்க என்றாள். எண்ணினேன். குறைந்துதான் இருந்தது.

திங்கட்கிழமை மூன்று வட்ட மூடிகளோடு லுக் கடைக்குப் போனேன். இந்த முறை திசை தப்பவில்லை. அந்தப் படத்தை அந்த அட்டையோடு நாங்கள் செய்ய மாட்டோம், இதைச் செய்கிறோம், எங்கள் ஊர்ப் பெயரைப் போடுங்கள் என்றேன். அவர் மூடிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உண்மையாகவே பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். ஆனால் என் கடைக்கு வருகிறவர்கள் கனடாவை வீட்டுக்குக் கொண்டுபோக வருகிறார்கள், உங்கள் கடலை வைத்து நான் என்ன செய்வேன் என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை.

அட்டையை மட்டும் மாற்றினால் செய்வீர்களா என்று கேட்டார். மாற்றி என்ன எழுதுவீர்கள் என்று கேட்டேன். ஒன்றும் எழுதாமல் விட்டுவிடலாம் என்றார். படம் பேசும், அட்டை வேண்டியதில்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மாட்டேன் என்றேன்.

“இரண்டு வாரத்தில் வேறொருவர் செய்துவிடுவார், மேடம்.”

“செய்யட்டும்,” என்றேன். “என் ஐந்து தட்டுகளைக் கொடுத்துவிடுங்கள்.”

அங்கேதான் அவருக்கு முதல்முறையாக முகம் சுருங்கியது. மாதிரிகள் கடையிலேயே இருப்பதுதான் வழக்கமாம். வேறு யாருக்காவது அனுப்பி, இதைப் பார்த்துச் செய் என்று சொல்ல என் பெண்களின் கைவேலைதான் அவருக்குக் கிடைத்ததா? கொடுத்தால் போகிறேன் என்று வாசல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் வாடிக்கையாளர்களைக் கவனித்தார். நான் அவர்களுக்கு வணக்கம் சொன்னேன். ஜப்பானியக் குடும்பம் ஒன்று என்னோடு நின்று படமெடுத்துக்கொண்டது. ஒரு மணி நேரம் போனது, பிறகு இன்னும் கொஞ்சம். கடைசியில் உள்ளேயிருந்து ஐந்து தட்டுகளையும் தாளில் சுற்றிக் கொண்டுவந்து, முன்போலவே இரண்டு கையாலும் நீட்டினார். உங்களோடு வியாபாரம் செய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றார். எனக்கும் அந்த வருத்தம் இருந்தது.

தெருவில் இறங்கினேன். நாற்பது பேருடைய இரண்டு வருஷத்தை ஒரு சொல்லில் தள்ளிவிட்டு வந்திருக்கிறேன். ஒரு பெஞ்சில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு நேரே சந்தைக்குப் போனேன்.

விமானத்துக்கு முன் இன்னும் முழுதாக இரண்டு நாள் மிச்சம். ஜான்-டலோன் சந்தையில் பூசணிக்காய்கள் மலையாகக் குவிந்திருந்த பருவம். ஒவ்வொரு கடையிலும் ஆப்பிளையும் பேரிக்காயையும் துண்டு போட்டு, தின்று பார் என்று நீட்டுகிறார்கள். எங்கள் ஊரில் மாம்பழக்காரரிடம் ஒரு துண்டு கேட்டால் குடும்ப வரலாறு விசாரிப்பார். சவரி தன் இடைவேளை நேரத்தில் வந்து எனக்காக பிரெஞ்சு பேசினார். மற்ற நேரம் மூடிகளை நீட்டி நானே கையால் பேசினேன். பாலாடைக்கட்டிக் கடை, பூக்கடை, தேன் கடை. அழகு, அழகு என்று எல்லோரும் சொன்னார்கள். அழகு என்ற சொல்லுக்கு பிரெஞ்சில் எத்தனை சொல் உண்டோ அத்தனையும் அன்று படித்துக்கொண்டேன். வாங்குகிறேன் என்று ஒருவரும் சொல்லவில்லை. ஒரு தேன்காரர் மட்டும், உனக்குக் கைகால் அசரவே அசராதா என்று கேட்டதாகச் சவரி சொன்னார்.

புதன்கிழமை பதினேழாவது கடை. தேயிலையும் மசாலாவும் விற்கும் சல்மா என்ற தூனிசியப் பெண். மூடியைக் கையில் வாங்கியதும் முகர்ந்து பார்த்தாள். இது என்ன மரம் என்று கேட்டாள். கமுகை எப்படி விளக்குவது என்று சவரி திணற, நான் வெற்றிலை போடுவது போல் நடித்துக் காட்டினேன். அவள் சிரித்துவிட்டு, ஒரு தகர டப்பாவைத் திறந்து என் மூடியை அதன்மேல் வைத்துப் பார்த்தாள். பண்டிகைக் காலத்துக்கு மசாலா டப்பா பரிசாக வாங்குகிறவர்கள் உண்டு என்றாள். சிறிய ஒப்பந்தம்தான். பத்துப் பெண்களுக்கு ஆறு மாதம் காணும். ஒரு நிபந்தனை போட்டாள்: எந்த ஊர், என்ன மரம், யார் செய்தது என்று அட்டையில் இருக்க வேண்டும், கேட்கிற வாடிக்கையாளருக்கு நான் சொல்ல வேண்டுமே. சவரி பிரெஞ்சில் எழுதினார். அதில் மூன்று பிழை இருப்பதாகச் சல்மா திருத்தினாள்.

கிளம்பும் நாள் காலையில் ரெஜினா என்னிடம் கேட்காமலே ஜினெட்டுக்குத் தொலைபேசியில் பேசியிருந்தாள். நான் கையெழுத்துப் போடவில்லை என்று சொல்லியிருக்கிறாள். என்ன சொன்னாள் என்று ஆவலாகக் கேட்டேன்.

“‘அவ தைச்ச இலை அவிழுது, நான்தான் திரும்ப இறுக்கின’ எண்டு சொன்னா,” என்றாள் ரெஜினா. “மறுகா, உங்கட விலாசம் கேட்டு எழுதிக்கொண்டா.”

ஊருக்கு வந்த மறுநாள் சங்கக் கூடத்தில் நாற்பது பேரும் கூடினார்கள். எதையும் குறைக்காமல் சொன்னேன். அட்டையைப் பார்த்து நான் சிரித்ததையும் சொன்னேன். சிலர் தலையாட்டினார்கள். சிலர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்வரிசையிலிருந்து செல்வராணி எழுந்தாள். கடலில் புருஷனையும் வள்ளத்தையும் ஒரே காலையில் விட்டவள், எங்களிலேயே நல்ல கைக்காரி. அந்த ஆறு தட்டில் நாலு அவள் தைத்தது.

“அந்தப் பொம்பளைக்கு நீங்க நியாயம் செஞ்சீங்க. சரி. எனக்கு?” என்று கேட்டாள்.

இருக்கும் பதிலைச் சொன்னேன். உனக்கு நான் செய்தது நியாயமா என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் நாளைக்கே மறுபடி அங்கே போய் நின்றாலும் மாட்டேன் என்றுதான் சொல்வேன். அவள் சேலைத் தலைப்பை உதறிக்கொண்டு வெளியே போனாள். அவளோடு இன்னும் ஆறேழு பேர் போனார்கள். சல்மாவின் வேலைக்குப் பத்துப் பேரைச் சீட்டுப்போட்டு எடுத்தோம். செல்வராணி இல்லாததால் அவள் பெயரை எழுதிப் போட்டது லில்லி. மூன்றாவது சீட்டில் அவள் பெயர் வந்தது. அவள் வரமாட்டாள், வேறு சீட்டு எடுங்கள் என்று யாரோ சொன்னார்கள். காலை வரை பார்க்கலாம் என்று நான் சொன்னேன்.

மறுநாள் கூடத்தைத் திறக்கும்போது வாசல்படியில் செல்வராணி உட்கார்ந்திருந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

“கோவம் அப்படியேதான் இருக்கு,” என்றாள். “வேலையக் குடுங்க.”